கடம்பூர் மலையில் ஒரு பல் முகாம்

நவம்பர் 6, வியாழன். கோபிசெட்டிபாளையம்

மதுரையில் கிளம்பும்போது நல்ல வெயில். ஈரோடு தாண்டியதும் மேகம் கூடி, கோபி வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத்து வாய்க்கால்களில் நீர் ததும்பி ஓடியது. வயல்கள் எல்லாம் பச்சைப் பசேல்.

பெரியம்மா மகள் இங்கே பல் மருத்துவர். வருடத்துக்கு ஒருமுறை சத்தியமங்கலத்துக்கு மேலே உள்ள மலைக் கிராமங்களுக்கு முகாம் போகிறாள். இந்தத் தடவை பதிவேடு எழுத ஆள் கிடைக்கவில்லை, லீவு போட்டுவிட்டு வா என்று கூப்பிட்டாள். வந்துவிட்டேன்.

ராத்திரிக்குச் சந்தகை. பிழிந்த சூட்டோடு பாதிக்குத் தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும், மீதிக்கு எலுமிச்சைத் தாளிப்பு. அக்காவின் மாமியார் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "ஏனுங் தம்பி, அதுக்குள்ள கை கழுவறீங்க? இன்னும் ரெண்டு வெச்சுக்குங்க" என்றார். இந்த ஊரில் விருந்தாளி போதும் என்று சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சாப்பிட்ட பிறகு பெட்டி கட்டினோம். பல் பிடுங்கும் இடுக்கிகள், மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்து, பஞ்சு, கையுறை, தலையில் மாட்டும் விளக்கு. கூடவே ஒரு பெரிய அலுமினியக் குக்கர். சமையலுக்கு அல்ல, கருவிகளைக் கிருமி நீக்க. 121 டிகிரி சூட்டில், 15 பவுண்டு அழுத்தத்தில், இருபது நிமிடம் வேக வேண்டும். கேஸ் அடுப்பிலேயே வேலை செய்யும். மலையில் கரண்டை நம்பி எதையும் ஏற்ற முடியாது என்றாள் அக்கா. ஒருவர் வாயில் வைத்த கருவி மறுபடி குக்கருக்குப் போய் வந்தால்தான் அடுத்தவருக்கு. அதனால் எத்தனை செட் இடுக்கி இருக்கிறதோ அத்தனை பேரைத்தான் ஒரு தவணையில் பார்க்க முடியும். முகாமின் வேகம் டாக்டர் கையில் இல்லை, குக்கரிடம் இருக்கிறது என்பது இன்றைக்குத் தெரிந்துகொண்டது.


நவம்பர் 7, வெள்ளி. கடம்பூர்

சத்தியில் காலை டீ 12 ரூபாய். பூ மார்க்கெட்டுக்குப் போகும் மல்லிகை மூட்டைகள் வண்டி வண்டியாகக் கடந்தன. கே.என். பாளையம் தாண்டியதும் சோதனைச் சாவடி, அப்புறம் காடு. இது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், 2013ல் அறிவிக்கப்பட்டது. வளைவுக்கு வளைவு யானைச் சாணம். அதில் ஒன்றில் ஆவி பறந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் டிரைவர் அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டினார். மல்லியம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டு, திருநீறு வைத்துக்கொண்டு ஏறினோம். இந்தப் பாதையில் கும்பிடாமல் போகிற வண்டி ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

பள்ளி வகுப்பறை ஒன்றில் முகாம். அக்காவும் ஈரோட்டிலிருந்து வந்த இளம் மருத்துவர் ஒருவரும் ஆளுக்கொரு நாற்காலி. முதலில் நான் பெயர், ஊர், வயது, சுகர், பிரஷர் எழுதி அனுப்ப வேண்டும். இரத்த அழுத்தம் எகிறிக் கிடப்பவருக்குப் பல்லைப் பிடுங்கக் கூடாது. அப்படி வந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்து, முதலில் பிரஷரைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் எழுந்து போன முகங்களைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வலியோடு வந்து வலியோடு போகிறார்கள்.

வந்த எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "புடுங்கி உட்ருங்கம்மா."

ஐம்பது வயதிருக்கும் ஒருவருக்குக் கடவாய்ப்பல் குழியாகி இருந்தது. அக்கா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "இதைப் புடுங்க வேண்டாமுங்க, காப்பாத்திறலாம். கோபிக்கு மூணு தடவை வந்தீங்கன்னாப் போதும்" என்றாள். அவர் கோபப்படவில்லை. விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். ஒரு நாள் கூலி 400 போச்சு. கூட வருகிறவர் கூலியும் போச்சு. சாயங்காலக் கடைசி பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் சத்தி பஸ் ஸ்டாண்டிலேயே படுக்க வேண்டும். இதில் மூன்று தடவை. வேரைச் சுத்தம் செய்து மேலே உறை போடுவதற்குக் கீழே தனியார் கிளினிக்கில் 6,000, 7,000 ஆகும். "அந்தக் காசுக்கு ஒரு ஆடு வாங்கிருவனுங்க. நீங்க புடுங்கியே உட்ருங்க."

பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு, துப்பாமல், அரை மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

என் பதிவேட்டில் பத்திகள் போட்டிருந்தேன்: பிடுங்கியது, அடைத்தது, காறை எடுத்தது, மேல்சிகிச்சைக்கு அனுப்பியது. சாயங்காலம் பார்த்தால் முதல் பத்தி பக்கம் பக்கமாக நிரம்பி, இரண்டாவது பத்தி கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடந்தது. அதில் எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை அக்காவிடம் சொன்னேன். "வருஷத்துக்கு ஒரு நாள் வந்தா இதுதான் நடக்கும்" என்றாள். நாளைக்கு வேறு மாதிரி செய்து பார்க்கப் போகிறாளாம்.

மதியச் சாப்பாடு ஒரு வீட்டு மெஸ்ஸில் 70 ரூபாய். சோறு, கொள்ளு ரசம், அவரைப் பொரியல். பரிமாறிய அம்மா, பல் பிடுங்கிய தன் கொழுந்தனுக்குக் கஞ்சியை ஆற வைத்துத் தனியாக எடுத்து வைத்திருந்தார். சூடாகக் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.


நவம்பர் 8, சனி. காட்டுக்குள் ஒரு ஊர்

ஊர் பெயர் வேண்டாம். ஐம்பது வீடு இருக்கும். பெரும்பாலும் ஊராளிப் பழங்குடிகள், கொஞ்சம் சோளகர் பழங்குடிக் குடும்பங்கள்.

ராத்திரி பெய்த மழையில் வழியில் உள்ள பள்ளத்தில் செந்நிறத்தில் வெள்ளம் போனது. டிரைவர் அண்ணன் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்து, "வண்டி எறங்காதுங்க" என்று சொல்லிவிட்டார். கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். மணி ஒன்பதுக்கு மேல் எதிர்க்கரையில் ஆட்கள் தென்பட்டார்கள். வருகிறோம் என்று சொல்லியிருந்தோம், காணோமே என்று தேடி வந்திருக்கிறார்கள். தண்ணீர் இடுப்புக்கு இறங்கும்வரை காத்திருந்து, மூங்கிலில் குக்கரையும் சிலிண்டரையும் கட்டி இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மருந்துப் பெட்டிகள் தலைச்சுமையாகப் போயின. எங்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கடத்திவிட்டார்கள். இதே பள்ளத்தைத்தான் காய்ச்சல்காரர்களும் பிரசவ வலி எடுத்தவர்களும் தாண்ட வேண்டும். வெள்ளம் அதிகமானால் பேருந்து வராது, அவ்வளவுதான், என்று எந்தச் சலிப்பும் இல்லாமல் சொன்னார் குக்கரைத் தூக்கி வந்த பெரியவர். சலித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. அவர்களுக்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.

அங்கன்வாடித் திண்ணையில் கடை விரித்தோம். இங்கே எங்களுக்குக் கிடைத்த துணை ஒரு பெண். இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். பன்னிரண்டாவது முடித்து, திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊர் திரும்பியவள். பாட்டிகள் பேசுவது கன்னடம் கலந்த பேச்சு, எனக்குப் பாதிதான் பிடிபட்டது. அவள் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. டார்ச்சைப் பிடித்தாள், குழந்தைகளின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள், குக்கர் நேரத்தைப் பார்த்துக்கொண்டாள். பத்து பேர் முடிந்ததும், "அக்கா, இந்தப் பையனுக்கு உள்பக்கமும் கருப்பா இருக்குதுங்க" என்று அக்காவுக்கு முன்னாலேயே கண்டுபிடித்தாள். துணியில் ஒரு தையல் விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கப் பழகிய கண்.

அக்கா இன்று பிடுங்குவதைக் குறைத்தாள். சின்னக் குழிகளைக் கைக்கருவியாலேயே சுரண்டிச் சுத்தம் செய்து, கிளாஸ் அயனோமர் சிமெண்டைக் குழைத்து விரலால் அழுத்தி அடைத்தாள். டிரில் வேண்டாம், கரண்ட் வேண்டாம், பெரும்பாலும் ஊசியும் வேண்டாம். 1980களில் தான்சானியாவில் தொடங்கிய முறை இது. மின்சாரம் இல்லாத ஊர்களுக்கென்றே யோசித்தது. குழந்தைகளின் பால்பற்களுக்கு இன்னொரு மருந்து, சில்வர் டயமின் ஃபுளோரைடு. சொத்தைமேல் ஒரு சொட்டுத் தடவி ஒரு நிமிடம் விட்டால் பெரும்பாலும் சொத்தை அதற்குமேல் பரவாமல் நின்றுவிடுகிறது. 2021ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரு சங்கடம் உண்டு. தடவிய இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அதை முதலிலேயே சொல்லாவிட்டால் தாய்மார்கள் பயந்துபோவார்கள். திருப்பூர்ப் பெண்தான் ஒவ்வொரு அம்மாவிடமும் உட்கார்ந்து விளக்கினாள். கருப்பானால் சொத்தை நின்றுவிட்டது என்று அர்த்தம், இந்தப் பல் எப்படியும் விழுந்து புதுசு முளைக்கும், அதுவரை வலி இல்லாமல் சாப்பிட்டால் போதாதா என்று. நாங்கள் சொல்லியிருந்தால் இத்தனை பேர் ஒத்துக்கொண்டிருப்பார்களா, சந்தேகம்தான்.

பாட்டிகளின் வாயைப் பார்த்துவிட்டுப் பேரப்பிள்ளைகள் வாயைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. பாட்டிகளுக்கு வெற்றிலைக் கறை உண்டு, ஈறு இறங்கியிருக்கிறது, ஆனால் சொத்தை குறைவு. ராகிக்களியும் சாமையும் காட்டுக் கிழங்கும் தின்று வளர்ந்தவர்கள். நான்கு வயதுப் பிள்ளைகளுக்கோ முன்பற்கள் வேரோடு கரைந்திருக்கின்றன. ஊர்க் கடையில் 5 ரூபாய் பிஸ்கட்டும் மிட்டாயும் சரம் சரமாகத் தொங்குகின்றன. ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் அந்தக் கடையில் இல்லை. சாம்பல், செங்கல் பொடி, சிலருக்குப் புகையிலைப் பொடி, இவைதான் பல் துலக்க. மிட்டாய் வந்து சேர்ந்த பாதையில் பேஸ்ட் வந்து சேரவில்லை. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்குமேல் பட்டாணி அளவு பேஸ்ட் போதும் என்று அக்கா தாய்மார்கள் கையிலேயே பிதுக்கிக் காட்டினாள்.

மதியத்துக்கு மேல் ஒரு பையன் வந்தான். இருபத்து மூன்று வயது. கீழே செங்கல் சூளையில் வேலை. காரம் பட்டால் வாய் எரிகிறது என்று வந்தவன். வாயைத் திற என்றால் இரண்டு விரல்தான் நுழைந்தது. மூன்று விரல் நுழைய வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, வார் போல இறுகியிருந்தது. பாக்கும் பொட்டலப் புகையிலையும் போட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறதாம். சூளையில் பசியும் தூக்கமும் தெரியாமல் இருக்க எல்லோரும் போடுவார்கள் என்றான். வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004லேயே வகைப்படுத்திவிட்டது. இவனுக்கு இன்னும் புற்றுநோய் இல்லை, ஆனால் அந்தப் பாதையில் நிற்கிறான். அக்கா அவனைத் தனியாகக் கூட்டிப் போய் வெகுநேரம் பேசினாள். மேல்சிகிச்சைப் பத்தியில் அவன் பெயரை எழுதும்போது, "ஈரோடு போயே ஆகணுமுங்களா?" என்று என்னிடம் கேட்டான். போயே ஆக வேண்டும் என்றேன். போவானா என்று யார் வந்து பார்ப்பார்கள்? எங்கள் ஜீப் இறங்கிய பிறகு அவனைத் தெரிந்தவர்கள் இந்த ஊரார் மட்டும்தான்.

பள்ளத்தில் தண்ணீர் மறுபடி ஏறிவிட்டதால் இங்கேயே தங்கல். ராகிக்களி, அவரைக்கொட்டைக் குழம்பு, சுட்ட குச்சிக்கிழங்கு. காசு கொடுக்கப் போனதற்கு வீட்டுக்காரம்மா வருத்தப்பட்டார். குளிர் எலும்பில் இறங்கியது. அடுப்படியை எங்களுக்கு விட்டுவிட்டு அவர்கள் திண்ணையில் படுத்தார்கள்.

தூக்கம் வருமுன் அக்கா அலாஸ்காவைப் பற்றிச் சொன்னாள். அங்கேயும் பழங்குடி ஊர்கள் பலவற்றுக்குச் சாலையே கிடையாது, விமானத்தில்தான் போக வேண்டும். பல் டாக்டர்கள் எப்போதாவது வந்து பிடுங்கிவிட்டுப் போவார்கள். 2003ல் அந்த ஊர் இளைஞர்கள் சிலரையே நியூசிலாந்துக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். நியூசிலாந்தில் 1921லிருந்தே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கவென்றே பல் செவிலியர்களைப் பயிற்றுவித்து வந்த பழக்கம் உண்டு. திரும்பி வந்தவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் தங்கள் ஊரிலேயே பல் அடைக்கிறார்கள், எளிதாக வரும் பல்லை எடுக்கிறார்கள். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் வழக்குப் போட்டும் திட்டம் நின்றுவிடவில்லை. கனடாவில் இதே மாதிரிப் பயிற்சிப் பள்ளி ஒன்று 2011ல் நிதி இல்லாமல் மூடப்பட்டது.

நம் பக்கத்திலும் உதாரணம் இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலைக்குக் கீழே சிட்டிலிங்கியில் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1993ல் தொடங்கிய மருத்துவமனை, அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகப் பழக்கி வளர்ந்தது. நான் டார்ச் பிடித்த பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு யார் பாடம் சொல்லித் தருவார்கள்?


நவம்பர் 9, ஞாயிறு. ஆசனூர், தாளவாடி

காலையில் பள்ளம் வடிந்துவிட்டது. சத்திக்கு இறங்கி, பண்ணாரியில் கும்பிட்டு, திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினோம். இன்று நோயாளிகளைப் பார்க்கவில்லை. அடுத்த முகாமுக்கு இடம் பார்க்கும் வேலைதான்.

ஆசனூரில் பனி. டீக்கடைக்காரர் தன் மச்சானின் கதையைச் சொன்னார். கீழ்க் கடவாய்ப்பல்லில் சீழ் பிடித்து, நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று வலி மாத்திரையில் ஓட்டியிருக்கிறார். ஒரு ராத்திரி வீக்கம் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கி, எச்சில் விழுங்க முடியவில்லை. அப்படி இறங்கினால் மூச்சுக்குழாயே அடைபடும் என்று அக்கா சொன்னாள். இந்தச் சாலையில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்துத் தடை உண்டு, வன விலங்குகள் வண்டியில் அடிபடுவதால். ஆம்புலன்ஸுக்கு விலக்கு இருக்கிறது, அதில்தான் போய்ப் பிழைத்தார். ஒரு சொத்தைப் பல், ஆரம்பத்திலேயே சிமெண்ட் வைத்திருந்தால் பத்து நிமிட வேலை.

தாளவாடிக்காரர்கள் பலர் வைத்தியத்துக்குச் சாம்ராஜ்நகர் போகிறார்கள். சத்தியைவிட அது பக்கம், மலை இறங்க வேண்டாம். சந்தையில் முட்டைக்கோஸ் கிலோ 15 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அக்கா ஒரு மூட்டையே வாங்கிவிட்டாள்.


நவம்பர் 10, திங்கள். கோபி

உடம்பு அடித்துப் போட்டது போல வலி. மாமியார் அரிசியும் பருப்பும் சாதம் வைத்து, மேலே நெய் ஊற்றி உட்கார வைத்துவிட்டார்.

பதிவேட்டை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். கடம்பூர்ப் பக்கங்களில் பிடுங்கியது, பிடுங்கியது, பிடுங்கியது. காட்டு ஊர்ப் பக்கத்தில் அடைத்தது நிறைய. டாக்டர் அதே டாக்டர், பெட்டி அதே பெட்டி. அக்கா முறையை மாற்றியதும், கேட்டு, விளக்கி, உட்கார வைக்க ஊர்க்காரி ஒருத்தி பக்கத்தில் இருந்ததும்தான் வித்தியாசம். ஆனால் அந்தச் சிமெண்ட் நிற்கிறதா, கருப்புத் தடவிய பல்லுக்கு ஆறு மாதத்தில் மறுபடி தடவினார்களா, இரண்டு விரல் திறக்கும் பையன் ஈரோடு போனானா, இதையெல்லாம் வருடாந்திர முகாம் பார்க்க முடியாது.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதைக் கொண்டு வருகிறவர்களின் பையில் ஒரு சிறு கண்ணாடியும் ஒரு டார்ச்சும் இடம்பிடிக்க எவ்வளவு நேரமாகும்? வாயைத் திறக்கச் சொல்லி, மூன்று விரல் நுழைகிறதா, புண் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தால் போதும், பாதி வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, கடலூர், புதுக்கோட்டையில் இருக்கின்றன, கொங்குப் பக்கம் ஒன்றும் இல்லை. இங்கே இருப்பவை எல்லாம் தனியார் கல்லூரிகள். அவற்றில் படிக்கும் பிள்ளைகள் மாதம் ஒரு நாள் மலை ஏறினால்கூட எத்தனை பல் மிஞ்சும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே மலையில் வாழும் மலையாளிகள் (கேரளத்தவர் அல்ல, அந்தப் பெயர் கொண்ட மலைவாழ் மக்கள்) சேலத்திலும் தர்மபுரியிலும் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், ஈரோடு மாவட்டத்தில் இல்லை. அதனால் அவர்கள் வீட்டுப் பெண் நர்சிங் படிக்கப் போனால் பழங்குடியினருக்கான ஒதுக்கீடும் உதவித்தொகையும் கிடையாது. ஊர்ப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அக்கா ஒரு முடிவு எடுத்திருக்கிறாள். இனி வருடத்துக்கு ஒருமுறை இல்லை. டிசம்பரிலிருந்து மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, அதே ஊர், அதே அங்கன்வாடித் திண்ணை. திருப்பூர்ப் பெண் வாய் பார்க்கவும் கருவிகளைக் கிருமி நீக்கவும் பதிவேடு எழுதவும் அக்காவின் கிளினிக்கில் பதினைந்து நாள் தங்கிப் பழகப் போகிறாள், சம்பளத்தோடு. போனில் கேட்டதற்கு, அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசித்துவிட்டு, சித்தி வருகிறாள் என்று ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கூப்பிட்டாள். சூளைப் பையனை ஈரோட்டுக்குக் கூட்டிப் போகும் பொறுப்பையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது நாற்காலிக்கு இன்னும் ஒரு பல் மருத்துவர் வேண்டும். ஈரோடு, கோபி, சத்தி, பவானிப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு சத்தியிலிருந்து ஜீப். சாப்பாடு ஊர்க்காரர்கள் பொறுப்பு. மழை இருந்தால் பள்ளத்தில் இறங்க வேண்டியிருக்கும், மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள்.